கப்பலில் ஒரு கவளம்

என் மைத்துனரின் வலக்கையை என் கையைவிட நான் நன்கறிவேன். கடலூர் முதுநகரில் நீரிறைக்கும் மோட்டார்களை விற்றும் பழுது நீக்கியும் வாழும் கை அது. விரல்கள் தடித்தவை. கட்டைவிரல் நகத்தின் அடியில் கரிய கோடொன்று எக்காலமும் உண்டு. மோட்டாருக்கிடும் கிரீசு என்பார் அவர். கிரீசு மட்டுந்தானா என்னும் ஐயம் எனக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை.

அந்தக் கைதான் என் மனைவியின் பிறந்தகத்தில் சோறு பிசையும் கை. பண்டிகை நாளில் உறவெல்லாம் கூடிவிட்டால் அகன்ற எவர்சில்வர் பாத்திரமொன்றில் சோற்றைக் கொட்டி, புளிக்காய்ச்சலோ வற்றற்குழம்போ விட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு அவர் பிசையத் தொடங்குவார். சுற்றி வட்டமாக அமர்ந்தவர்கள் உள்ளங்கையை நீட்டுவர். தட்டும் இல்லை, இலையும் இல்லை. ஒவ்வொரு கையிலும் ஓர் உருண்டை விழும். பெற்றோர் மறைந்தபின் இந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. முதல் உருண்டை எப்போதும் அக்காளுக்கு, அதாவது என் மனைவிக்கு.

அந்தக் காட்சியை என்னால் ஒருமுறையும் முழுமையாகப் பார்க்க இயன்றதில்லை. விரலிடுக்கில் எண்ணெய் பிதுங்கும். உப்புப் பார்க்கவென்று இடையிடையே ஒரு சிறு கவளத்தைத் தம் வாய்க்குள் எறிந்து, நுனிவிரலை நக்கி, அதே விரலை மீண்டும் சோற்றுக்குள் விடுவார். நான் வயிறு நிறைந்துவிட்டதென்று சொல்லி எழுந்து வெளியே சென்றுவிடுவேன். "மாமாவுக்கு ஸ்பூன்ல வெச்சாதான் எறங்கும்" என்று பின்னாலிருந்து அவர் குரல் வரும், அதைத் தொடர்ந்து எல்லாருடைய சிரிப்பும் வரும்.

வியப்பு என்னவென்றால், இதே குடும்பத்தார் பிறர் குடித்த குவளையில் வாய் வைக்கமாட்டார்கள். செம்பை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அண்ணாந்துதான் குடிப்பார்கள். விருந்துகளில் யாரேனும் தம் எச்சிற்கரண்டியைப் பொதுப் பாத்திரத்தில் இட்டுவிட்டால் அந்தப் பாத்திரத்தின் பக்கமே திரும்பமாட்டார்கள். அயலார் வாயைக் கண்டால் அத்தனை அருவருப்பு. தம்மவர் கையென்றால் அது கையே அன்று, ஏதோ கருவறையிலிருந்து வருவது. கேட்டால் ஒரே விடைதான்: "நம்ம கைதானே?"

என் மனைவிக்கு ஒரு சிறுநீரகம் முன்பே சுருங்கிப் பயனற்றுப் போயிற்று. எஞ்சியிருக்கும் ஒன்றும் தளர்ந்த நிலையில் உள்ளது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவளைப் பார்த்துவரும் மருத்துவரிடம், கப்பற்பயணம் போகலாமா என்று கேட்கச் சென்றோம். மைத்துனரின் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தன் தந்தையின் அறுபதாம் ஆண்டை முன்னிட்டு, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு இலங்கைக் கரையைத் தொட்டு மீளும் உல்லாசக் கப்பலில் எங்கள் இருவருக்கும் சேர்த்தே இடம் வாங்கியிருந்தாள். நாங்கள் வாழும் சிதம்பரத்துக்கும் கடலுக்கும் இடையே தொலைவு மிகுதியில்லை. கிள்ளைக்குப் போனால் உப்பங்கழியைப் பார்க்கலாம். ஆயினும் கரை தெரியாத கடலை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம்.

மருத்துவர் சற்று நேரம் அவளுடைய ஆய்வு முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்கம்மா, கடல் ஒண்ணும் பண்ணாது. ஆனா கப்பல்ல வாந்தி பேதி வந்தா காட்டுத்தீ மாதிரி பரவும். மத்தவங்க ரெண்டு நாள் படுத்து எழுந்துருவாங்க. உங்களுக்கு ஒடம்புல தண்ணி வத்துனா அந்த ஒத்தக் கிட்னி தாங்காது. நேரா டயாலிசிஸ்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், கைல தடவுற ஜெல்ல நம்பாதீங்க. இந்தக் கிருமி அதுக்கெல்லாம் பெருசா அடங்காது. சோப்பு, ஓடுற தண்ணி, நல்லாத் தேச்சுக் கழுவணும். யாருக்காவது வாந்தின்னு தெரிஞ்சா அவங்க நல்லாயிட்டேன்னு சொன்னாக்கூட ரெண்டு மூணு நாள் அவங்க கைபட்டத சாப்புடக் கூடாது."

இவ்வுரையை நான் மனத்தில் எழுதிக்கொண்டேன். என் மனைவி அந்த அறைச் சுவரில் மாட்டியிருந்த அலைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சிதம்பரத்திலிருந்து தொடர்வண்டியில் சென்றோம். காரில் நெடுநேரம் அமர்வது அவளுக்கு ஒவ்வாது. மைத்துனர் தம் மனைவியுடனும் மூட்டை முடிச்சுகளுடனும் கடலூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே காரில் வந்தார். மகள் துறைமுகத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். அங்கே மைத்துனரைக் கண்டபோது முகம் வெளிறியிருந்தது. கேட்டதற்கு, "வெயிலு மாமா" என்றார். கப்பலேறும் வாயிலில் ஒரு பெண் ஒவ்வொருவரையும் நிறுத்தி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ அண்மையில் இருந்ததா என்று வினவிக்கொண்டிருந்தாள். மைத்துனர் முறை வந்தது.

"இரும்பத் துன்னாலும் செரிக்கும் மேடம் நம்மளுக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அந்தப் பெண் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

கப்பலின் உணவுக்கூடத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. கூடம் என்னவோ அழகியது. கண்ணாடிச் சாளரங்களுக்கு அப்பால் நீலம் விரிந்து கிடந்தது. அதற்குள் நம் மக்கள் நிகழ்த்தியதுதான் கொடுமை. கொப்பரைகள் வரிசையாக வைக்கப்பட்டு, அவரவரே எடுத்துக்கொள்ளும் முறை. பெருத்த உடலினர் ஒருவர் ஒவ்வொரு கரண்டியையும் தூக்கி மூக்கருகே பிடித்து முகர்ந்து, பிடிக்காததை மீண்டும் உள்ளேயே இட்டுச் சென்றார். அம்மையார் ஒருவர் வடையைக் கிள்ளிப் பதம் பார்த்துவிட்டு அதைத் திரும்பக் குவியலிலேயே வைத்தார். தட்டு நிறைய எடுத்ததை உண்டுகொண்டே, குழம்பு வழியும் கையாலேயே பொதுக் கரண்டியின் காம்பைப் பற்றி இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டவர்கள் பலர். அந்தக் காம்பு பிசுபிசுத்து மின்னியது. வாயிலில் நின்ற பணியாளர் கைகளில் பீய்ச்சிய மருந்துநீரைப் பெரும்பாலோர் அத்தர் போலக் கழுத்தில் தடவிக்கொண்டனர். கைகழுவும் தொட்டியில் ஒருவர் தொண்டையைக் காறி, பல்லிடுக்கு நாரையும் துப்பிவிட்டு, குழாயை மூடாமலே நடந்தார்.

நான் என் மனைவியைச் சாளரத்தருகே அமர்த்திவிட்டு, பணியாளரிடம் சொல்லி அப்போதுதான் வாட்டிய ரொட்டியையும், மூடி பிரிக்காத தயிர்க் கிண்ணத்தையும், உரிக்காத வாழைப்பழத்தையும் பெற்று வந்தேன். கழிப்பறையில் வெறுங்காகிதமே இருக்கும் என்று கேள்விப்பட்டு அவள் சிதம்பரத்திலிருந்தே ஒரு பிளாஸ்டிக் குவளை கொண்டுவந்திருந்தாள். அந்த ஒரு முன்னெச்சரிக்கைக்காகவே அவளை நான் போற்றினேன்.

"எவன் எவனோ தொட்ட கரண்டி" என்று என் மைத்துனரின் மனைவியும் அந்தக் கூடத்தைப் பார்த்து முகஞ்சுளித்தார். அருவருப்பில் எங்கள் இருவர்க்கும் ஒற்றுமை உண்டென்று நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி மறுநாள் நண்பகல் வரை நீடித்தது.

மறுநாள் உணவுக்கூடத்தை ஒட்டிய ஆடவர் கழிப்பறையில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையொன்றின் கதவு திறந்தது. மைத்துனர் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "இன்னா மாமா, தோல் உரிஞ்சுரப் போவுது" என்றார். நீர்த்தொட்டியின் பக்கமே வராமல், சுவரில் மாட்டியிருந்த புட்டியிலிருந்து ஒரு சொட்டு மருந்துநீரை உள்ளங்கையில் வாங்கி, இரு கைகளையும் ஒருமுறை தட்டிக்கொண்டு வெளியேறினார். கதவின் கைப்பிடியை அவர் பற்றிய இடத்தையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தொடாமல் எப்படி வெளியேறுவது என்று தெரியாமல், வேறொருவர் உள்ளே வரும்வரை காத்திருந்தேன்.

அங்கிருந்து நான் மைத்துனர் குடும்பத்தாரின் அறைக்குச் சென்றபோது எல்லாரும் கட்டிலுக்கும் சாளரத்துக்கும் இடையே தரையில் அமர்ந்திருந்தனர். என் மனைவி, மைத்துனரின் மனைவி, மகள். நடுவே அந்த அகன்ற எவர்சில்வர் பாத்திரம் இருந்தது! கடலூரிலிருந்து துணிகளுக்கிடையே பொதிந்து வந்திருக்கிறது. ஊறுகாய்ப் புட்டியொன்றில் புளிக்காய்ச்சலும் வந்திருக்கிறது. மகள் அறைக்கே வெறுஞ்சோறு வரவழைத்திருந்தாள். மைத்துனர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா, ஒக்காருங்க. ஊரான் தொட்ட கரண்டி வேணாம்னுதான நீங்களும் சொன்னீங்க? இது நம்ம கை."

அவர் கையைச் சோற்றுக்குள் விட்டார். புளிக்காய்ச்சல் மணந்தது. அந்த மணம் எனக்கும் நாவில் நீரூறச் செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் என் கண்கள் அந்த நகத்தின் கரிய கோட்டிலேயே நிலைத்திருந்தன. அது சோற்றுக்குள் மறைவதும் வெளிப்படுவதுமாக இருந்தது. சற்றுமுன் அந்த விரல்கள் எங்கிருந்து வந்தன என்பதை அந்த அறையில் நான் ஒருவனே அறிவேன்.

மைத்துனரின் மனைவி மகிழ்ச்சி பொங்கச் சொன்னார்: "இப்பதாண்ணே அவுருக்குப் பசியே வந்துருக்கு. நேத்திக்கு மரக்காணம் தாண்டி காரை நிறுத்தி, அப்படி ஒரு வாந்தி! மூணு எடத்துல எறங்குனாரு. ராத்திரிகூட பாத்ரூமே கதின்னு கெடந்தாரு. பயந்தே பூட்டேன். அந்த நடராசர் புண்ணியத்துல இன்னிக்கு எழுந்து ஒக்காந்துட்டாரு."

அவர் பேசி முடிப்பதற்குள் முதல் உருண்டை உருவாகிவிட்டது. கெட்டியாக, எண்ணெய் மினுங்க, ஒரு வேர்க்கடலை மேலே துருத்திக்கொண்டிருந்தது. மைத்துனர் அதை அக்காளின் பக்கம் நீட்டினார். என் மனைவியின் உள்ளங்கை ஏற்கெனவே விரிந்திருந்தது.

எண்ணுவதற்கு நேரமில்லை. நான் குனிந்து என் கையை அவள் உள்ளங்கையின்மேல் கவிழ்த்தேன். உருண்டை என் புறங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணெய் என் விரல்களுக்கிடையே வழிந்து இறங்கியது. அந்த வெதுவெதுப்பை இன்று நினைத்தாலும் என் புறங்கை மயிர் சிலிர்க்கிறது.

"மச்சான், இவளுக்கு வேண்டாம்" என்றேன்.

அவர் விரல்கள் விரிந்தபடியே என் புறங்கைமேல் நின்றன.

"இன்னா மாமா இது?"

"நேற்று வாந்தி எடுத்திருக்கிறீர்கள். சற்றுமுன் கழிப்பறையிலிருந்து வந்தீர்கள். கை கழுவவில்லை. நான் அங்கேயே நின்றேன்."

"அந்த தண்ணிதான் தடவுனேனே! கப்பக்காரனே குடுக்குறான்."

"அது போதாது. மஞ்சக்குப்பத்து மருத்துவர் சொன்னதை இவளும் கேட்டாள்."

"என் கை நாறுதா மாமா உங்களுக்கு?" குரல் உயர்ந்தது. "எங்கக்காவுக்கு நான் வெஷம் வெப்பனா? நான் பொறந்ததுலேருந்து எங்கூடத் துன்னவ அவ. நீங்க நேத்து வந்தவரு."

திருமணமாகி முதுமையும் அடைந்துவிட்ட என்னை நேற்று வந்தவன் என்று அவர் சொன்னதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. அடுத்து அவர் செய்ததைத்தான் மறக்கமுடியவில்லை. என் புறங்கையில் ஒட்டியிருந்த உருண்டையைத் தம் ஐந்து விரல்களாலும் வழித்தெடுத்துத் தம் வாயில் அடைத்துக்கொண்டார். வாய் நிறைந்த சோற்றோடு, "இந்தா, நான் சாவுறனா பாருங்க" என்றார். ஒரு பருக்கை என் சட்டையில் வந்து ஒட்டியது.

"மாமா, அப்பா பாவம்" என்றாள் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. தந்தையின் மனம் நோகக்கூடாதென்று அவளே கையை நீட்டினாள். அடுத்த உருண்டை அவளுக்குச் சென்றது. அதற்கடுத்தது அவள் தாய்க்கு.

"நீங்களும் உண்ணாதீர்கள்" என்றேன்.

"நம்ம கைதாண்ணே" என்றார் மைத்துனரின் மனைவி, மென்றுகொண்டே.

என் மனைவி என்னோடு எழுந்து வந்தாள். நான் சோப்பிட்டு முழங்கை வரை கழுவினேன், மறுபடியும் கழுவினேன். சட்டையை மாற்றினேன். அவளும் கழுவிக்கொண்டாள். தயிரையும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்தேன்.

"எல்லார் முன்னாடியும் அவன் கையத் தட்டி விட்டுட்டீங்க" என்றாள்.

"தட்டவில்லை. என் கையை வைத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." தயிர்க் கிண்ணத்தின் மூடியைப் பிரித்துக்கொண்டே, "நானே வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல" என்றாள். பிறகு முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு ரொட்டியைத் தின்றாள்.

அதற்கு மறுநாள் முற்பகலில் மைத்துனரின் மகள் உணவுக்கூடத்துக்குச் செல்லும் நடைவழியிலேயே வாந்தியெடுத்தாள். கம்பளத்தின்மேல் பருக்கைகள் கிடந்தன. பணியாளர்கள் முகத்திரையும் கையுறையும் அணிந்து ஓடிவந்து, ஒரு தூளைத் தூவி, அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினர். ஆயினும் நம்மவர் இருவர் கயிற்றைத் தாண்டி நடந்து, செருப்பைக் கம்பளத்தின் மறுபகுதியில் தேய்த்துச் சென்றனர். மாலைக்குள் மைத்துனரின் மனைவியும் படுத்துவிட்டார். கப்பலின் மருத்துவர் வந்து, அந்த அறையிலிருந்து யாரும் வெளியே வரலாகாது என்று கட்டளையிட்டார். உணவுக்கூடத்தில் அவரவரே எடுத்துக்கொள்ளும் முறை நின்றது. பணியாளர் பரிமாறினர். எங்கும் சலவைத்தூளின் நெடி பரவியது. அந்தக் கப்பலில் என் மூக்குக்கு இனித்த ஒரே மணம் அதுதான்.

நோயைக் கொண்டுவந்தவரோ பாறைபோல் இருந்தார். தொலைபேசியில் தம் அக்காளிடம், "கப்ப சாப்பாடுதான்க்கா காரணம். எவன் எவனோ கரண்டியத் தொட்டானுங்க இல்ல? நான்தான் இதுங்க ரெண்டுத்தையும் தொடச்சி எடுக்குறேன், வெறுங்கையால" என்று பெருமையோடு சொன்னது எனக்கும் கேட்டது. என் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். கதவாண்டயே நிக்கிறேன்."

"வேண்டாம்."

"அவன் ஒத்தையா இருக்கான்."

"உனக்கும் ஒன்றுதான் இருக்கிறது" என்றேன். அவள் மீண்டும் அமர்ந்தாள்.

அவளை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்றேன். எத்திசையிலும் கரை இல்லை. இதற்காகத்தான் அவள் வந்தாள். விளிம்புக் கம்பியை நோக்கி அவள் கை நீண்டது.

"கம்பியைப் பிடிக்காதே. எத்தனை பேர் தொட்டதோ."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கடலையாவது பாக்கலாமா? இல்ல அதையும் எவனாச்சும் தொட்டிருப்பானா?" என்றாள். காற்றில் அவள் புடவைத் தலைப்பு படபடத்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள், எதையும் பற்றாமல், ஆட்டத்துக்கேற்பக் கால்களை மாற்றி ஊன்றிக்கொண்டு.

ஊர் திரும்பி மஞ்சக்குப்பம் சென்று குருதி ஆய்வு செய்தோம். சிறுநீரகத்தின் நிலை பயணத்துக்கு முன்னிருந்தபடியே இருந்தது. அவளுக்கு வயிற்றுவலிகூட வரவில்லை. மருத்துவர் பாராட்டினார். மைத்துனரின் மனைவியும் மகளும் தேறிவிட்டனர். மைத்துனர் மட்டும் எங்களோடு பேசவில்லை. முதுநகர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிறிது தொலைவுதான். ஆயினும் அவர் கடைக்குச் செல்லாமலே பேருந்தேறினோம்.

மார்கழித் தேரன்று அவர் சிதம்பரம் வந்தார். ஆண்டுதோறும் வருபவர். வராமல் இருந்துவிடுவாரோ என்று என் மனைவி காலையிலிருந்தே வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்க்கூட்டத்தில் நெருக்குண்டு, வடக்கயிற்றைப் பிடித்த கையோடு, வியர்வை நாற வந்து நின்றார். என்னை நேராகப் பார்க்காமல் முற்றத்துக் குழாயடிக்குப் போனார்.

"மாமா, வந்து பாத்துக்குங்க! அப்புறம் பாக்கலன்னு சொல்லக்கூடாது." சோப்பை எடுத்து நுரை முழங்கை வரை ஏறத் தேய்த்தார். "இந்தா வெரல் இடுக்கு. இந்தா மணிக்கட்டு. போதுமா? காலையும் கழுவட்டா?"

கழுவி முடித்தவர், தேர்த்தெருவில் மூக்கைத் துடைத்த தோள்துண்டாலேயே கைகளைத் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே சென்று ஒரு வெளுத்த துண்டைக் கொணர்ந்து நீட்டினேன். முணுமுணுத்தவாறே மீண்டும் கழுவி அதில் துடைத்தார்.

கூடத்தில் பாத்திரம் காத்திருந்தது. பிசைந்தார். முதல் உருண்டை எழுந்தது. இம்முறை அதை அக்காளிடம் நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"நகத்தக் காட்டுடா மொதல்ல" என்றாள்.

"இன்னாக்கா நீயுமா?"

"காட்டு."

உருண்டையைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அவர் கட்டைவிரலைக் காட்டினார். அத்தனை சோப்புக்கும் அசையாமல் கரிய கோடு அங்கேயே இருந்தது. அதன்மேல் இப்போது புளிக்காய்ச்சலும் படிந்திருந்தது. அவள் எழுந்துபோய் நகவெட்டியைக் கொண்டுவந்தாள். எதிரில் அமர்ந்து தம்பியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேரு அன்னிக்கு, வெளக்கு வெக்கிற நேரத்துல, நடு வூட்டுல ஒக்காந்து நகம் வெட்றாளே! வெளங்குமா இந்தக் குடும்பம்?" என்று அவர் கூவினார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"பேசாம இரு. பத்து வெரலும் ஆனப்புறம் திரும்பக் கழுவிட்டு வந்து பெச. பசிக்குது எனக்கு."

வெட்டிய முதல் துண்டு தெறித்துப் பாத்திரத்தை நோக்கிப் பறந்தது. நான் பாய்ந்து அருகில் கிடந்த தட்டால் பாத்திரத்தை மூடினேன். நகத்துண்டு தட்டின்மேல் விழுந்து டிக் என்று ஒலித்தது. கடைசி விரல் முடியும்வரை அந்தத் தட்டை இரு கையாலும் அழுத்திப் பிடித்தபடி அங்கேயே அமர்ந்திருந்தேன்.